நாக்கின் கீழ் விடும் மருந்து

கேள்வி: என் அம்மாவுக்கு நெஞ்சுநோவு வந்தால் நாக்கின் கீழ் அடிக்கும்படி கிளினிக்கில் ஒரு ஸ்பிரே தந்திருக்கிறார்கள். அடித்த கையோடு அவர் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுகிறார். பிரசர் மருந்தையும் காய்ச்சல் பாணியையும்கூட நாக்கின் கீழ் விட்டால் விரைவில் குணம் தெரியும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். இவை சரியா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மாவிடம் இருப்பது பெரும்பாலும் ஜி.ரி.என். என்று வைத்தியசாலைகளில் சொல்லப்படும் கிளிசரில் ட்ரைநைட்ரேட்டாக இருக்கும். லேபிளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இதனை விழுங்கினால், குடலிலிருந்து ஈரலுக்குச் சென்று அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் அடியிலுள்ள மெல்லிய சவ்வினூடாக உறிஞ்சப்படும் மருந்தோ, கழுத்து நாளங்களின் வழியாக நேரே இதயத்தை அடைவதால், ஓரிரு நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்குகிறது. 1879 இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் நெஞ்சுநோவுக்கு இதனை எழுதிய காலம் முதல் கையில் இருக்கும் பழைய மருந்து இது.

நோவு தொடங்கியதும் அம்மாவை முதலில் அமரச் செய்யுங்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து என்பதால், நின்றபடி பாவிப்பவர் பிரசர் இறங்கித் தலைசுற்றி விழக்கூடும். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும் (நம் ஊர் முதியவர்களிடம் இதைச் சொல்லாமல் விட முடியாது). பின்னர் நாக்கை உயர்த்தி, மூச்சை உள்ளே இழுக்காமல், வைத்தியர் எழுதிய அளவை அடித்து வாயை மூட வேண்டும். ஒரு விசிறலில் பொதுவாக 400 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். சில நிமிடங்களுக்குத் தண்ணீர் வேண்டாம். தலையிடி வந்தால் பயப்படத் தேவையில்லை. 5 நிமிடங்களில் நோவு தணியாவிட்டால், உட்கிராமங்களுக்கு அம்புலன்ஸ் வந்து சேர நேரமெடுக்கும் என்பதை மனதில் வைத்து, தாமதிக்காமல் 1990 இலக்கத்தை அழையுங்கள். ஸ்பிரேயை அடுப்படியிலோ வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டியிலோ வைக்கக் கூடாது. இம்மருந்தைப் பாவிக்கும் ஆண்கள், ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாபில் (வயாகரா) குளிசையைத் தொடவே கூடாது. பிரசர் ஆபத்தான அளவுக்கு விழும்.

அயலவர்களின் யோசனை வேறு கதை. நிஃபெடிபின் என்ற பிரசர் மருந்தின் உறையைக் குத்தி, உள்ளிருக்கும் திரவத்தை நாக்கின் கீழ் விடும் வழக்கம் ஒரு காலத்தில் வைத்தியர்களிடமே இருந்தது. பிரசர் திடீரெனச் சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் ஏற்பட்டதால், அதனை நிறுத்த வேண்டும் என்று 1996 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வைத்தியர்கள் எழுதினார்கள். இன்று அவ்வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே பிரசர் மருந்தை, எழுதித் தந்தபடி விழுங்குவதைத் தவிர வேறெந்த வழியிலும் வீட்டில் முயல வேண்டாம்.

பரசிட்டமோல் பாணி குடலில் உறிஞ்சப்படும் மருந்து. ஒரு தேக்கரண்டிப் பாணி, அதாவது 5 மில்லிலீற்றர், நாக்கின் கீழ் நிற்கவும் மாட்டாது. உமிழ்நீரோடு தொண்டைக்குள்தான் இறங்கும். படுத்திருக்கும் குழந்தையின் வாயில் அதைத் தேக்கி வைத்தால் புரையேறும் என்பதால், நிமிர்த்தி இருத்தி, வழமைபோல் விழுங்கக் கொடுங்கள்.