ஊரில் இருக்கும் அம்மாவைச் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: "சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். இங்கே அழைத்து வரலாம் என்றால், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்."

அழைத்து வாருங்கள். ஆனால் எந்தக் குடியிருப்புப் பேட்டையில் இருக்கிறீர்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என் அனுபவத்தில் மீதிப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரே அம்மாவை இரண்டு பேட்டைகளில் வைத்துப் பார்த்தவன் நான். ஒன்றில் வாடிப்போனார். இன்னொன்றில் என்னைவிட அவருக்கு வேலை அதிகம்.

முதலில் பொங்கோல், வடகிழக்கில் இருக்கும் புதிய பேட்டை. 2014ல் சாவி வாங்கிய புத்தம்புது பிடிஓ வீடு (முன்பதிவு செய்தவர்களுக்கு வீவக கட்டித் தருவது), 14வது மாடி, சன்னலைத் திறந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். 2016ல் அம்மா வந்தார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். வாசலில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசிவிட்டுப் போகும் வீடு. வந்த முதல் இரண்டு வாரம் லிஃப்ட், நீர்வழி, சுத்தம் என்று எல்லாவற்றையும் ஊருக்கு வாட்ஸ்அப்பில் வர்ணித்தார். மூன்றாவது வாரம் வர்ணனை நின்றது.

குறை வீட்டில் இல்லை. கீழே போனால் பெஞ்ச் உண்டு, முதியவர்கள் உடற்பயிற்சி செய்யக் கம்பிகள் உண்டு, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு, மழையில் நனையாமல் நடக்கக் கூரை போட்ட பாதை உண்டு. ஆள்தான் இல்லை. எங்கள் மாடியில் ஆறு வீடுகள். ஆறிலும் முப்பதுகளில் இருக்கும் தம்பதிகள், ஒன்றோ இரண்டோ சின்னப் பிள்ளைகள். காலை ஏழரைக்குள் பெரியவர்கள் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பாலர் பராமரிப்பு நிலையத்துக்கும் போய்விடுவார்கள். மாலை ஏழு மணிக்குத்தான் கதவுச் சத்தம் கேட்கும், அதுவும் மூடுகிற சத்தம்.

இது தற்செயல் இல்லை. பிடிஓ முறையில் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்து, குலுக்கலில் எண் வாங்கி, மூன்று நான்கு வருடம் காத்திருந்து குடியேறுகிறோம். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் அல்லது புதிதாகச் செய்துகொண்டவர்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாவி கிடைக்கிறது. ஒரே நாளில் நாற்று நட்ட வயல் மாதிரி, மொத்தப் பேட்டையும் ஒரே உயரம். அதில் அறுபத்தெட்டு வயது அம்மா தனியாக நின்றார்.

"கீழே போய்க் கொஞ்சம் உட்காருங்களேம்மா" என்று தினமும் சொல்லுவேன். ஒருநாள் திருப்பிக் கேட்டார்: "உட்காரலாம்ப்பா. யாரப் பாத்துக்கிட்டு உட்காரது?"

என் மனைவிதான் முதலில் கவனித்தாள். அம்மா மடித்து வைத்த துணியை எடுத்து உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாராம். பகல் முழுக்க அதே வேலை. ரத்த அழுத்த மாத்திரையின் அளவு அந்த வருடம்தான் கூடியது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு உண்டு என்றுதான் படுகிறது.

2019ல் ஐந்து வருடக் கட்டாயக் குடியிருப்புக் காலம் முடிந்ததும் விற்றுவிட்டு, வடக்கே இருக்கும் யீஷூன் பேட்டையில் ஒரு பழைய வீடு வாங்கினோம். எண்பதுகளில் கட்டிய புளோக், ஐந்தாவது மாடி. நண்பர்கள் எங்களைப் பைத்தியம் என்றார்கள். 99 வருடக் குத்தகையில் மூன்றில் ஒரு பங்கு ஓடிப்போன வீட்டை, புது வீட்டை விற்றா வாங்குவார்கள்? அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கும் மனைவிக்கும் இதனால் இரண்டு மாதம் சரியான சண்டை. கடைசியில் முடிவு செய்தது அவள்தான், அந்தத் துணி மடிப்பைப் பார்த்தவள் என்பதால்.

பழைய புளோக்கின் அமைப்பே வேறு. நீளமான பொது நடைவழி, அதன் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். லிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால் நாலு வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பாதி வீடுகளில் இரும்புக் கேட் மட்டும் பூட்டியிருக்கும், உள்கதவு திறந்தே கிடக்கும். நாங்கள் போனபோது அந்த நடைவழியில் கட்டிய காலத்திலிருந்து இருக்கும் எண்பது வயது தாத்தா ஒருவர், பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீடு வாங்கி வந்த நடுவயதுக் குடும்பம், வாடகைக்கு இருக்கும் தாதியர் (நர்ஸ்கள்) இரண்டு பேர், கைக்குழந்தையோடு ஒரு மலாய்த் தம்பதி என்று எல்லா உயரத்திலும் ஆட்கள் இருந்தார்கள். பெற்றோருக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் அரசாங்க மானியம் உண்டு என்பதால் இப்படித் திரும்பி வருகிற பிள்ளைகள் பழைய பேட்டைகளில் அதிகம்.

கீழ்த்தளம் இன்னொரு உலகம். வீவக புளோக்குகளில் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்து விடுவார்கள், வாய்ட் டெக் என்று சொல்வோமே, அது எழுபதுகளிலிருந்து இருக்கும் வழக்கம். எங்கள் புளோக்கில் சந்தைக்குப் போகிற குறுக்குவழியே அதுதான். காலையில் காய்கறி வண்டியை உருட்டிக்கொண்டு போகும் பாட்டிகள், மதியம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், சில வாரக் கடைசிகளில் மலாய்க் கல்யாணம், சில நாள் சீனர் வீட்டு இறப்புச் சடங்கு. அம்மாவுக்குக் கல் மேசைக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் முகம் மாறும்.

மொழி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1989லிருந்து, ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரியாக வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருப்பதால், தமிழர் மட்டும் வாழும் புளோக் இங்கே எங்கேயும் கிடையாது. அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் சீனரும் மலாய்க்காரரும்தான் இருப்பார்கள். நானும் பயந்தேன். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய சீனர்கள் பலருக்குச் சந்தை மலாய் தெரியும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் முதலில் பேசியது "சூடா மக்கான்?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊரில் வாசலில் நிற்பவரிடம் கேட்கிற அதே கேள்வி. அம்மா இப்போது நாற்பது ஐம்பது மலாய்ச் சொல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார். அதில் இலக்கணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நடைவழித் தொட்டியில் அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைக்கு மூன்று இனத்திலும் வாடிக்கையாளர் உண்டு.

ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகப் பிடித்தது. சாலை கடக்கும் இடங்கள் பலவற்றில், மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் (நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு) கூடுதலாகச் சில விநாடிகள் நிற்பான், இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. 2009ல் கொண்டுவந்த ஏற்பாடு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அந்த அட்டை, நீண்டகால வருகை அட்டையில் இருக்கும் அம்மாவிடம் கிடையாது. ஆகவே ஆன்ட்டி தட்டுவார், இருவரும் சேர்ந்து கடப்பார்கள். ஆன்ட்டி வராத நாளில் அம்மா சாலையின் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. வந்த புதிதில் அம்மா காலை ஆறு மணிக்கு ஒலி 96.8 தமிழ் வானொலியை வைத்துவிடுவார், ஊரில் பக்திப் பாட்டுக் கேட்ட பழக்கம், சத்தமும் ஊர் அளவு. இரவு வேலை முடித்துவிட்டு வந்து தூங்கும் தாதி ஒருநாள் மரியாதையாகத்தான் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்ல நான் பாட்டுக் கேட்கக்கூடாதா" என்று இரண்டு வாரம் அந்தப் பெண்ணைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு காலையில் அவர் சீருடையோடு தள்ளாடியபடி வருவதைப் பார்த்ததிலிருந்து கட்சி மாறிவிட்டார். இப்போது நடைவழியில் பந்து உதைக்கும் பையன்களை "ஷ்ஷ்" என்று விரட்டுவது அம்மாதான், அதற்காக அந்தப் பையன்களின் அம்மா ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. வெவ்வேறு வயது ஆட்கள் சேர்ந்திருந்தால் இப்படி உரசல் இருக்கும். பொங்கோலில் எங்களுக்கு யாரோடும் சண்டை வந்ததே இல்லை, வர வழியும் இல்லை.

2020 ஏப்ரலில் கொவிட் முடக்கம் வந்து கீழே இருந்த மேசை நாற்காலிகளுக்கெல்லாம் நாடா சுற்றியபோது அந்த நீள நடைவழிதான் கைகொடுத்தது. ஆன்ட்டி அவர் கேட்டுக்குள், அம்மா எங்கள் கேட்டுக்குள், நடுவே சுவர். முகம் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் அம்மா காலையில் கீழே இறங்கவில்லை. ஏழரைக்கு ஆன்ட்டி வந்து மணியடித்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. தாத்தா வீட்டிலிருந்து என் மனைவிக்குப் போன். அவள் அலுவலகத்திலிருந்து டாக்சி பிடித்து வந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. பங்குனி உத்திரம் என்று சொல்லாமல் கொள்ளாமல் யீஷூன் பாலசுப்பிரமணியர் கோவிலுக்குப் போயிருக்கிறார், ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு. திரும்பி வந்தபோது ஆறு பேர் வாசலில் நின்று திட்டினார்களாம், மூன்று மொழியில். அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பொங்கோலில் இருந்திருந்தால் இரவு ஏழு மணிக்கு நாங்கள் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

"அப்படியானால் முதியோருக்கென்றே கட்டிய இடம் இன்னும் நல்லதல்லவா" என்று சிலர் கேட்கிறார்கள். அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்போங் அட்மிரல்ட்டியைப் பார்க்க அம்மாவைக் கூட்டிப் போனேன். 104 சிறிய வீடுகள் மூத்தோருக்கு, கீழே உணவங்காடி, நடுவில் மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில், மேலே படிப்படியாகத் தோட்டம். 2018ல் உலகின் சிறந்த கட்டடம் என்று விருது வாங்கியது. நாங்கள் மாடித் தோட்டத்தைக் காட்டினோம், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். கீழ்ச் சதுக்கத்தில் ரயிலுக்குப் போகிறவர்கள், சாப்பிட வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்துதான் சதுக்கத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். தனியாக ஓர் ஓரத்தில் அமைதியான "மூத்தோர் பூங்கா" கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிரந்தரவாசி என்பதால் அம்மாவுக்கு நீண்டகால வருகை அட்டை விண்ணப்பிக்கலாம். (எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்குப் பெற்றோரை அழைக்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது வேண்டும்.) நீண்டகால வருகை அட்டையில் வருபவருக்கு அரசு மருத்துவ மானியம் கிடையாது, மருத்துவமனைக் கட்டணம் முழுசாக உங்கள் தலையில்தான். எழுபதை நெருங்கினால் காப்புறுதி எடுப்பதும் கடினம், விலையும் கடுமை. தனிமையைவிட இதைப் பற்றித்தான் முதலில் கவலைப்படச் சொல்வேன். புளோக்குகளின் கீழ் இருக்கும் மூத்தோர் நிலையங்களில் அம்மாவைச் சேர்ப்பார்களா என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடு பார்ப்பதானால் லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்கிறதா என்று பாருங்கள். 2001ல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை சரியாகிவிட்டன, ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் விட்டுப்போன புளோக்குகள் சில இன்னும் இருக்கின்றன. அரைமாடி ஏறி இறங்குவது எழுபதில் பரவாயில்லை, எண்பதில் முடியாது.

வீட்டைப் பார்க்க எல்லோரும் வார இறுதியில் போகிறார்கள். நீங்கள் ஒரு செவ்வாயோ புதனோ விடுப்பு எடுத்து, காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் புளோக்கின் கீழே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பேர் கடந்து போகிறார்கள், எந்த வயதில், யாராவது நின்று பேசுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். சமையலறை அளவையெல்லாம் பிறகு அளந்துகொள்ளலாம்.

நீங்கள் இருப்பது பொங்கோல் என்றால் உடனே மனசு விட்டுவிடாதீர்கள். போன வருடம் ஒரு வேலையாகப் பழைய புளோக்குக்குப் போனேன். நாங்கள் இருந்தபோது தள்ளுவண்டியில் இருந்த பிள்ளைகள் இப்போது தொடக்கப்பள்ளிச் சீருடையில் ஓடுகிறார்கள். அவர்களுக்காக மூன்று பாட்டிகள் கீழே காத்திருந்தார்கள். அம்மா முன்பு பத்து நிமிடம்கூட உட்காராத அதே பெஞ்சில்தான்.