நித்தியகல்யாணி இலையை டீயில் போடலாமா?

தொண்டிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து 52 வயது வாசகி எழுதுகிறார்: சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒன்றரை மாதமாகத் துளசி, எலுமிச்சைப்புல், செம்பருத்தி, ஆவாரம்பூ, நித்தியகல்யாணி இலை எல்லாம் பறித்து டீ போட்டுக் குடிக்கிறேன். எதை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும்?

மருத்துவர் பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "நாலு நாளாக லேசான காய்ச்சல், வாயெல்லாம் புண், சூடுதான் போல" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சூடு என்று விடக் கூடாது. நித்தியகல்யாணி குடிப்பவருக்குக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்த்தாக வேண்டும். உங்களுக்குத் தனியாகவும் உடனே பதில் அனுப்பிவிட்டேன். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் குடிக்கிறார்களோ என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

நம் கடற்கரை மணலில் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற செடி அது. ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ், நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளி. சுடுகாட்டுப் பூ என்பார்களே, அதேதான். அரளிக் குடும்பத்துச் செடி. வேலியோரத்தில் கண்டதையும் மேய்கிற ஆடுகூட இதை விட்டுவிடும்.

இது சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் பிறந்ததல்ல. ஜமைக்காவில் இதைச் சர்க்கரைக்கு டீயாகக் குடித்தார்கள். 1952-ல் அங்கிருந்து கொஞ்சம் இலைகள் கனடாவுக்குப் போயின. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குச் சாற்றை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமித் தொற்று வந்து செத்தன. காரணம், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அதைத் தொடர்ந்து போய்த்தான் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டினை இன்றும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு, அணுக்களை எண்ணி எண்ணித்தான் கொடுக்கிறோம். அதை நீங்கள் கைப்பிடி அளவில் டம்ளருக்குள் போடுகிறீர்கள். கொதிக்கவிட்டால் விஷம் போய்விடும் என்று நம்பாதீர்கள். இலையில் இருப்பது தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான். இதைக் குடித்து, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையே ஒடுங்கிப்போனவர்கள் உண்டு.

ஆகவே மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் காய்ச்சலை அமுக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய், ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சி.பி.சி. சோதனை எடுக்கச் சொல்லுங்கள். செடியில் ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடக்கூடும்.

நித்தியகல்யாணியை இனி டீயில் போடவே வேண்டாம். மற்றதில் பயப்பட ஒன்றுமில்லை. துளசி, எலுமிச்சைப்புல், செம்பருத்தி எல்லாம் கழுவிப் போட்டுக் குடியுங்கள், ஐந்து நிமிடம் போதும். ஆவாரம்பூ கொஞ்சம் சர்க்கரையைக் குறைக்கலாம். மாத்திரையோடு சேரும்போது மயக்கம், வியர்வை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் உப்புப் போகாது, குடிதண்ணீரிலேயே போடுங்கள். அப்புறம், டீயில் போடும் கருப்பட்டியும் சர்க்கரைதான். அதை நிறுத்துங்கள்.

சரி, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்? அண்ணன் வாரம் இரண்டு தடவை ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸ் போய் வருவதைப் பார்த்து, மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது என்று பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சாப்பிட்ட மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே பழுதானால்தான் அதன் அளவைக் குறைப்போம், இல்லை நிறுத்துவோம். கட்டுக்கு வராத சர்க்கரையும் பிரஷரும்தான் கிட்னியை அரிக்கும். நிறுத்திய இந்த ஒன்றரை மாதமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

காய்ச்சல் சரியானதும், அண்ணன் டயாலிசிஸுக்குப் போகும் அதே பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், மூன்று மாதச் சர்க்கரை சராசரி, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அங்கேயே கேட்டு வாருங்கள்.