பேசாமல் சொல்லிக்கொடுப்பது

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம் உண்டு. கை கழுவக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. "குழாயைத் திற", "சோப்பை எடு", "தேய்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் அழகாகச் செய்கிறான். நான் பேசாவிட்டால் நனைந்த கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அவனுக்குக் கை கழுவத் தெரியும். உங்கள் குரலையும் அதில் ஒரு படியாகச் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். கை நனைந்தாச்சு, இப்போது அம்மா பேசுவாள், அப்புறம் சோப்பு.

நாம் கொடுக்கும் உதவிகளில், அதாவது ப்ராம்ப்ட்டுகளில், வாய்ச்சொல்தான் சுலபமானது. விலக்குவதற்குக் கஷ்டமானதும் அதுதான். கையைப் பிடித்துச் செய்யவைத்தால், பிடியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஒவ்வொரு வாரமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போகலாம். சொல்லுக்கு அந்த வசதி குறைவு.

இனி அவனுக்குப் பின்னால் நில்லுங்கள். எதிரே கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அதில் உங்கள் முகத்தைத் தேடுவான். "கை கழுவு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதோடு பேச்சு முடிந்தது. எந்தப் படியில் அவன் நின்றுவிடுகிறானோ, அங்கே உடனே அவன் கையை மெதுவாக சோப்பின் பக்கம் கொண்டுபோங்கள். (தொட்டால் கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளை என்றால் வற்புறுத்த வேண்டாம். படிகளைப் படங்களாக ஒட்டிவைத்து விரலால் காட்டுங்கள்.) சில நாள் கழித்து, உதவும் முன் 2 விநாடி பொறுங்கள். பிறகு 4 விநாடி. இதற்கு நேரத் தாமதம் என்று பெயர்; 1971 முதல் ஆய்வுகளில் இருக்கும் முறை. 4 விநாடி எவ்வளவு நீளம் என்பது குழாயடியில் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். நான் கால் விரலால் தரையில் எண்ணுவேன்.

உதவி வாங்கிச் செய்த படிக்கு ஒரு "சரி" போதும். தானாகச் செய்த படிக்கு அவனுக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ, அது அந்த நொடியே.

தப்பு என்று கேட்டீர்களே, என்னுடையதையும் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறுமிக்கு நிறங்கள் சொல்லிக்கொடுத்தேன். "சிவப்பு எது?" என்றால் தவறாமல் அந்த அட்டையை எடுப்பாள். ஒரு நாள் கண்ணில் தூசி விழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டேன். அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அத்தனை நாளும் என் பார்வை எந்த அட்டைக்குப் போகிறதோ அதை எடுத்திருக்கிறாள்! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம், நான் தலையைக் குனிந்துகொண்டு.

வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் மூன்றாவது விநாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். பக்கத்து அறையிலிருந்து "சோப்பை எடுடா கண்ணா" என்று அன்பாக ஒரு குரல் வரும்.