ஃபெலோஷிப் என்றால் எந்த ஃபெலோஷிப், சார்?

சார், ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் போட்ட வாட்ஸ்அப் செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். "பொண்ணு எம்.டி. பீடியாட்ரிக்ஸ் முடிச்சுட்டு மறுபடி ஃபெலோஷிப் போறேங்குறா, எவ்வளவு கட்டணும், எப்ப சம்பாதிப்பா" என்று கேட்டிருந்தீர்கள். பாதித் தூக்கம் போயிருக்கும் உங்களுக்கு. முதலில் ஒன்று: கட்டுவதற்கு எதுவும் இல்லை, அவள் சொல்வது அவளுக்குச் சம்பளம் வருகிற சமாச்சாரம்.

குழப்பம் அந்த வார்த்தையில்தான். நம் ஊர் மருத்துவமனைகளில் ஃபெலோஷிப் என்றால் பெரும்பாலும் ஒரு தனிப் பிரிவில் ஒன்றிரண்டு வருஷப் பயிற்சி, நேஷனல் போர்டின் எஃப்.என்.பி. அந்த வகை, முடித்தால் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து கூடும். உங்கள் மகள் கேட்பது அது இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய நினைக்கும் டாக்டருக்குப் பல வருஷச் சம்பளமும் ஆய்வுச் செலவும் சேர்த்துத் தருகிற பணம் அது. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை நடக்கிறது, அல்சூரில் மட்டும் இந்த வருஷம் எனக்கு இது மூன்றாவது.

இந்தப் பணத்துக்குப் பெரிய கதவு எது என்றால், இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், அலுவலகம் ஹைதராபாதில். மருத்துவ, பொது சுகாதார ஆய்வுக்கென்று அங்கே தனித் தடமே இருக்கிறது, எம்.டி. படித்தவர் தன்னிடம் பிஎச்.டி. இல்லையே என்று ஒதுங்க வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது, 1,000 கோடி அரசு, மீதி 500 கோடி வெல்கம். ஆகவே பணம் வற்றிவிடுமோ என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம். போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்து ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அதன் ஆய்வு மானியங்களுக்கு முதன்மை ஆய்வாளராக, அவர்கள் பி.ஐ. என்பார்களே, அப்படி நிற்கப் பொதுவாக நிரந்தர வேலை கேட்பார்கள். எம்.டி. முடித்து ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் சீனியர் ரெசிடென்ட் தனியாகப் போட்டுப் பயனில்லை. ஒரு நல்ல பேராசிரியரோடு கோ-பி.ஐ. ஆகச் சேரட்டும், பணம் எப்படி வந்து எப்படிச் செலவாகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கல்யாணம், குழந்தை என்று நடுவில் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி விட்டுப் போன பெண்கள் திரும்பி வருவதற்கென்றே சுகாதார ஆய்வுத் துறையில், டி.எச்.ஆர். என்பார்கள், ஒரு திட்டம் உண்டு.

சரி, பணம் இருக்கிறது. எனக்குப் பயம் வேறு இடத்தில். டாக்டருக்குக் கிடைக்காதது நேரம்.

சில வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்த ஒரு தம்பி, இங்கே ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வேலை, மானியமும் வாங்கிவிட்டார், அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஆனால் அவருடைய ஓபிடி, அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கும் வேலை, ஒரு நாள்கூடக் குறையவில்லை, நைட் டியூட்டியும் அப்படியே, ஒரு டீப் ஃப்ரீசர் வாங்க பர்ச்சேஸ் கமிட்டியில் ஏழு மாசம் கோப்பு தூங்கியது, முதல் வருஷப் பணம் செலவாகாமல் கிடந்தது. செலவுக் கணக்குக்கு யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும், கொடுக்கக் கணக்கே இல்லை. கடைசியில் பாதிப் பணம் திரும்பிப் போனது. டாக்டர் கெட்டிக்காரர்தான், துறைத் தலைவர் "பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பினார், அவ்வளவே.

இந்தப் பணம் பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும், மகளின் கணக்குக்கு இல்லை. அதனால் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே அவள் கேட்க வேண்டியவை: வாரத்தில் எத்தனை நாள் ஓபிடி, எத்தனை ராத்திரி டியூட்டி, அதைக் கடிதமாகத் தருவீர்களா, கணக்குப் பிரிவில் மானியம் பார்த்துப் பழகிய ஆள் இருக்கிறாரா. தனியார் இடமென்றால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டி.எஸ்.ஐ.ஆரின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும், வெளிநாட்டுப் பணமென்றால் அதை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இருக்கிறதா என்றும். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். பெங்களூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை: செயின்ட் ஜான்ஸில் ஆய்வுக்கென்றே தனி நிறுவனம், மனநலம், நரம்பியலுக்கு நிம்ஹான்ஸ், அப்புறம் இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.எஸ்சி., 2022-இல் 425 கோடி ரூபாய் நன்கொடையோடு 832 படுக்கை மருத்துவமனையும் எம்.டி.-பிஎச்.டி. படிப்பும் அறிவித்ததே, அதுவும் இந்த ஊரில்தான்.

இனி ஆய்வுக் கேள்வி. "குழந்தைகளில் டெங்கு பற்றிய ஆய்வு" என்று அவள் எனக்கு அனுப்பிய ஒரு பக்கத்தில் கேள்வியே இல்லை, தலைப்பு மட்டும் இருக்கிறது. ஆனால் போனில் பேசும்போது சும்மா சொன்னாள், ஓபிடியில் பார்த்து வீட்டுக்கு அனுப்பின குழந்தைகளில் சிலர் இரண்டே நாளில் மோசமாகித் திரும்பி வருகிறார்கள், யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை என்று. அடடா, அதுதான் கேள்வி, அதை எழுதாமல் வைத்திருக்கிறாள்!

அதை எடுத்துக்கொண்டு மருத்துவ ஆய்வுக்குப் புள்ளிக்கணக்கு போடும் ஒரு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளிடம் இப்போதே போகட்டும், எல்லாம் முடித்த பிறகு இல்லை. நூற்றுக்குப் பத்துப் பேர் திரும்பி வருவதாக வைத்தால், அந்த எண்ணை முன்பின் 5 சதவீதப் புள்ளிக்குள் அறிய 139 குழந்தைகள் போதும், 3 புள்ளிக்குள் வேண்டுமென்றால் 385 பேர் தேவை, வழக்கமான 95 சதவீத நம்பகத்தோடு. அவளுடைய ஓபிடியில் ஒரு மழைக்காலத்தில் 385 பேர் கிடைப்பார்களா? கிடைக்காது என்றால் பட்ஜெட், வருஷம், கூட்டாளி மருத்துவமனை எல்லாமே மாறும். இது என்ன நடக்கிறது என்று கவனிக்க மட்டும் செய்கிற ஆய்வு; மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆய்வானால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்கிற மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு வேண்டும், 2009-லிருந்து அது கட்டாயம்.

சின்னவன் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம்தானே? அவனுக்கு ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். திட்டம் இருக்கிறது, 1979-லிருந்து நடக்கிறது, இரண்டு மாச ஆய்வு, கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. அக்காவைப் பார்த்து வீட்டில் சண்டை போடாமல் அவனும் ஒன்று போட்டுப் பார்க்கட்டும்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். கூடப் படித்த பையன் கார்ப்பரேட் மருத்துவமனையில் வாங்குவதை இவள் வாங்க மாட்டாள், முதல் ஐந்து வருஷம் நிச்சயம் குறைவுதான். சொந்தக்காரர் கல்யாணத்தில் யாராவது கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். அது உங்கள் கணக்கு, நான் குறுக்கே வரவில்லை. வீட்டுக்கடன் அவள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள், இருந்தால் பேச்சு வேறு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மகள் வரட்டும், தீசிஸ் காப்பி, எத்திக்ஸ் கமிட்டிக் கடிதம், அந்த ஒரு பக்கம், மூன்றையும் எடுத்துக்கொண்டு. நீங்களும் வாருங்கள், ஆனால் முதல் அரை மணி நேரம் காபி குடித்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும்.