ரஸ்தாளி வாடுகிறது, பக்கத்து வாழை ஏன் வாடவில்லை?

"தம்பி, ஈசூனில் எங்கள் புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் ரஸ்தாளி வைத்து பத்து மாதம் ஆகிறது. அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. அடித்தண்டு வெடித்திருக்கிறது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு இழைகள். ஃபியூசேரியம் என்ற பூசணம் என்கிறார்கள். நான்கடி தள்ளி நிற்கும் கேவண்டிஷ் வாழையோ பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பூசணத்தில் வீரியமானது, சாதுவானது என்று உண்டா? வீரியமானதைக் கொல்ல என்ன மருந்து ஊற்றலாம்? என் தக்காளிக்கும் வருமா? கன்று உட்லண்ட்ஸ் தோழி சும்மா கொடுத்தது." - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

அக்கா, தக்காளியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற ஒரே பெயரில் நூறு ஆட்கள் உண்டு. வாழையைக் கொல்பவன் தக்காளியை வாட்டுவதில்லை. யாருக்கும் தொந்தரவு தராமல் வேரோரம் பிழைத்துப் போகிறவர்களும் உங்கள் மண்ணில் அதே பெயரில் இருப்பார்கள்.

சாதுவுக்கும் கொடியவனுக்கும் வித்தியாசம் என்ன? வேர் வழியாகச் சாற்றுக்குழாய்க்குள் போனதும் கொடியவன் சில சின்னப் புரதங்களைச் சுரக்கிறான். செடியின் தற்காப்பு அதில் மழுங்குகிறது. தக்காளி வாடலில் இதை நன்றாகத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் பூசணத்தின் கூடுதல் குரோமோசோம் ஒன்றில் மூட்டையாக இருக்கின்றன. நோய் தருவதையும் சாதுவையும் சேர்த்து வளர்த்தபோது அந்தக் குரோமோசோம் சாதுவுக்குத் தாவி, சாதுவும் தக்காளியை வாட்ட ஆரம்பித்ததாக 2010-இல் ஓர் ஆய்வு வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. சில சமயம் பூசணம் ஒன்றைத் தொலைத்துத்தான் கொடியதாகிறது. எதிர்ப்புச் சக்தியுள்ள தக்காளி ரகம், அந்தப் புரதங்களில் ஒன்றை அடையாளம் கண்டு உஷாராகிவிடும். அந்தப் புரதத்தின் மரபணுவையே விட்டுவிட்ட பூசணம் வந்தால்? காவல்காரனுக்கு ஆள் தெரியாது, உள்ளே விட்டுவிடுவான். ஆகவே வீரியம் பூசணத்திடம் மட்டும் இல்லை, அக்கா. எதிரே எந்த ரகம் நிற்கிறது என்பதிலும் பாதி இருக்கிறது.

வாழையிலும் அப்படித்தான். வாழையைத் தாக்கும் பூசணத்தில் பல இனங்கள் உண்டு. முதல் இனம் லத்தீன் அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற வாழை ரகத்தின் தோட்டங்களை 1950களுக்குள் படுக்க வைத்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இப்போது பேரங்காடியில் நாம் வாங்கும் கேவண்டிஷ். முதல் இனம் ரஸ்தாளியைக் கொல்லும், கேவண்டிஷை ஒன்றும் செய்யாது. பிறகு கேவண்டிஷையும் கொல்லும் டிஆர்4 என்ற இனம் வந்தது. 1990களின் தொடக்கத்திலேயே தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் பெரிய தோட்டங்களை அழித்தது. 2019-இல் கொலம்பியாவிலும் கண்டுபிடித்தார்கள். உங்கள் நான்கடிக் கணக்கைப் பார்த்தால் முதல் இனமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. கேவண்டிஷின் அடி இலைகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். வெட்டிய தண்டுத் துண்டைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால் நூல்போல ஏதாவது இறங்கினால் அது பாக்டீரியா, கதையே வேறு.

மருந்து கேட்டீர்கள். இல்லை. குழாய்க்குள் புகுந்துவிட்ட வாடலைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்று, கிழங்கில் ஊசி போடு என்று விற்பவன் வாயால் மரம் பிழைக்காது. ஒரு கடைக்காரர் என்னிடமும் ஒரு சிவப்புத் தூளை விற்றார், 'மூன்று தடவை போடுங்க சார்' என்று. மூன்று தடவை போட்டேன். மூன்று மரமும் போயின. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தின் பொட்டலத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடும்போது போடுங்கள்; சாகிற மரத்தின் தலையில் கொட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது: சும்மா கிடைத்த கன்று. நம் ஆட்களுக்கு வாழைக்கன்று கொடுப்பது சீர் கொடுப்பது மாதிரி. வேண்டாம் என்றால் மனத்தாங்கல். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். நோயுள்ள தாய்மரத்தின் பக்கக்கன்று பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், கிழங்குக்குள் பூசணம் உட்கார்ந்திருக்கும். கூடவே ஒட்டி வரும் ஒரு பிடி மண் போதும். பூசணத்தின் உறங்கும் வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கும். காசு கொடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மண்வெட்டி என்றால் அதை முதலில் நிறுத்துங்கள். காலணியும் மண்வெட்டியும் மண் போகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினி. மண்ணோடு முக்குவது வீண்.

நோயாளி மரத்தை உரக்குழியில் போட்டீர்களானால் தோட்டம் முழுக்க நீங்களே பந்தி வைத்த கணக்கு. கிழங்கோடு எடுத்து, சுற்றியுள்ள மண்ணைச் சிதறவிடாமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். நம் ஊரில் குப்பையை எரித்துவிடுகிறார்களே, அது நல்லதுதான். அந்த இடத்தில் பப்பாளி வைக்கலாம், கறிவேப்பிலை வைக்கலாம். ரஸ்தாளி ஆசை இருந்தால் பெரிய தொட்டியில், புது மண்ணில்.

அப்புறம், உட்லண்ட்ஸ் தோழிக்கு இன்றைக்கே போன் போட்டு, தாய்மரம் எப்படி இருக்கிறது, வேறு யார் யாருக்குக் கன்று கொடுத்தார் என்று கேளுங்கள்.