சீட்டு எழுதும் இடத்தில் தெரிந்ததை டீச்சரிடம் சொல்லலாமா?

கேள்வி: பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறேன். சாயங்காலம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு எழுதுகிறேன். போன வாரம், என்னிடம் படிக்கும் நாலாம் வகுப்புப் பையனின் அம்மா டி.பி. மாத்திரை வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை டீச்சர், “அவன் ஏன் அடிக்கடி லீவு போடுறான், உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்று பொய் சொல்லிவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் பாவம் எனக்குத்தானே? தூக்கமே வரவில்லை.
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

அன்பு மகளுக்கு,

டீச்சரிடம் சொல்லாமல் விட்டாயே, அது சரி. பொய் மட்டும் தேவையில்லை. மறுபடி கேட்டால், “அவங்க அம்மாவையே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்க டீச்சர்” என்று சொல், போதும்.

உன் பயத்துக்கு வருகிறேன். டி.பி. இருமும்போது காற்றில் பரவுகிற நோய். தட்டிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டு வராது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுவது நின்றுவிடும். அந்த அம்மா மாத்திரை வாங்க வந்துகொண்டிருக்கிறார், அதுவே நல்ல செய்தி. அவனுக்கே நோய் இருந்தாலும், அந்த வயதுப் பிள்ளைகளிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது மிகவும் அபூர்வம். உன் வகுப்புக்கு ஆபத்து என்று நினைத்துத் தவிக்காதே.

கவலைப்பட வேண்டியது அந்தப் பையனைப் பற்றித்தான். வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் கூட இருப்பவர்கள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால்கூட, வராமல் தடுக்க மாத்திரை உண்டு. இது எல்லாம் இலவசம். சனிக்கிழமை போனதும் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ, “அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாச்சா?” என்று தனியாகக் கேள். பையன் அடிக்கடி லீவு போடுகிறான் என்பதையும் சொல். அவனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தாலும், எடை குறைந்திருந்தாலும் அவர்களுக்கு அது அவசியம் தெரிய வேண்டும். நோயாளியின் விவரம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அவர்களிடம் பேசுவது யாரையும் காட்டிக்கொடுப்பது ஆகாது. டீச்சருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த அம்மா முடிவு செய்யட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் அடுத்தவரிடம் சொல்லிவிடும் அந்தத் தவறைச் செய்தேன். டி.பி. மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவருடைய நாத்தனாரிடம் அக்கறையில்தான் வாய்விட்டேன். சில நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனால், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களிலிருந்து தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் தனியாக இருந்தது. அடையாளத்துக்கு அதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார்கள். அடுத்த மாதம் அவர் மாத்திரை வாங்க வரவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்புறம் அதே மருந்து கேட்காமலும் போகலாம். அவரைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பிக்க வைப்பதற்குள் நான் பட்ட பாட்டை விடு, அவர் பட்டதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

இன்னொன்று. சீட்டு எழுதும்போது “என்ன பண்ணுது?” என்று உரக்கக் கேட்காதே. பின்னால் வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, மெதுவாகக் கேட்டு எழுது. இதைச் சின்ன வேலை என்று நினைக்காதே.

அந்த அம்மா அடுத்த தடவை வரும்போது மற்றவர்களைப் பார்ப்பது போலவே பார். இரக்கப்பட்டு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் அவருக்கு உறுத்தும். அவராகப் பேச்செடுத்தால், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது, அது வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று கேள். பலருக்குக் கணக்கு எண் தவறாகப் பதிவாகிப் பணம் வராமலே கிடக்கும். அதை நர்ஸம்மாவிடம் சொல்லிச் சரிசெய்து கொடுக்க உன்னால் முடியும்.

பையனுக்கு லீவு போட்ட நாட்களின் கணக்குப் பாடம் விட்டுப்போயிருக்கும். சாயங்காலம் பத்து நிமிடம் அவனைக் கூட உட்கார வைத்துச் சொல்லிக் கொடு. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதே.