காயிலுக்கு மணியும் தெரிய வேண்டும், சூடும் தெரிய வேண்டும்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தோப்புக்குள் எங்கள் வீடு. 2009-ல் மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம், கண்ணாடிக் குழாய் வகை. மழைக்காலத்துக்கென்று அதில் கரண்டில் தண்ணீரைச் சுடவைக்கும் 2 கிலோவாட் காயிலும் இருக்கிறது. சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில். அம்மாவுக்கு 76 வயது. போட்டால் அணைக்க மறந்துவிடுகிறார், கரண்ட் பில் ஏறுகிறது. போட மறந்தால் காலையில் பச்சைத் தண்ணீர்தான். போதாததற்கு, பிரஷர் பம்ப் வைத்ததிலிருந்து பின்பக்கத்துப் பாத்ரூமில் வெந்நீர் வருவதற்குள் இரண்டு பக்கெட் வீணாகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுசு போடச் சொல்கிறார் எலெக்ட்ரீஷியன். கட்டுப்பாட்டை மட்டும் மாற்றினால் ஆகாதுங்களா?

பதில்: ஆகும்ங்க. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் மாடிக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

கண்ணாடிக் குழாய்களின் அடிமுனையைப் பாருங்கள். கண்ணாடி போல வெள்ளிப் பூச்சு மினுங்கினால் உள்ளே வெற்றிடம் கெடாமல் இருக்கிறது. அந்த இடம் பால் வெள்ளையாக மாறியிருந்தால் அந்தக் குழாய் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும். அடுத்து, நல்ல வெயில் இருக்கும் இரண்டு நாள் காயிலுக்குக் கரண்ட் போகாதபடி அதன் எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள சுவிட்சை) இறக்கி வையுங்கள். யாரும் வெந்நீர் எடுக்காத நாளில் மாலை 5 மணிக்கு வெந்நீர்க் குழாயில் வரும் தண்ணீரைத் தெர்மாமீட்டரில் பாருங்கள், மறுநாள் விடியற்காலையிலும் பாருங்கள். மாலையில் 55 டிகிரிக்கு மேல் இருந்து, காலையிலும் கை பொறுக்காத சூடு இருந்தால் டேங்கும் குழாய்களும் நன்றாகவே இருக்கின்றன. புதுசு தேவையில்லை.

இப்போது பில்லுக்கு வருவோம். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 8 யூனிட்டுக்கு மேல் ஆகும், உங்கள் காயில் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். 45 டிகிரி போதும் என்றால் 4.6 யூனிட். மேகத்துக்கு நடுவே அடித்த கொஞ்ச வெயிலில் டேங்க் ஏற்கெனவே 35-ல் இருந்தால் வெறும் 2.3 யூனிட், எழுபது நிமிடம். குளிக்க 40 டிகிரிக்கு மேல் யாருக்கு வேண்டும்? நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. அதனால் தினமும் வீணாகும் நான்கைந்து யூனிட் பில்லில் அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ராத்திரி முழுக்கக் காயில் ஓடி, காலை 8 மணிக்கு டேங்க் 70 டிகிரியில் நின்றால், அன்றைக்கு அடிக்கிற வெயில் போய்ச் சேர இடமில்லை. இலவசமாக வருகிற சூட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டு, காசு கொடுத்த சூட்டை உள்ளே வைத்திருக்கிறோம். காயில் ஓட வேண்டிய நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான். அதுவும் டேங்க் ஆறியிருந்தால் மட்டும்.

அதற்கு இரண்டு பொருள் வேண்டும்: மணி பார்த்துப் போட்டு அணைக்கும் ஒரு டைமர், சூடு பார்த்துப் போட்டு அணைக்கும் ஒரு தெர்மோஸ்டாட். இரண்டையும் வரிசையாக இணைக்க வேண்டும். மணியும் சரியாக இருந்து, சூடும் குறைவாக இருந்தால்தான் காயிலுக்குக் கரண்ட் போகும். டைமரை அதிகாலை 3:30 முதல் 6 வரை, தெர்மோஸ்டாட்டை 45-ல். வெயில் காலத்தில் டேங்க் எப்போதும் அதற்கு மேல் இருக்கும், காயில் தானாகவே ஓடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வரும் ஜூன், ஜூலையிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தேவையான அளவுக்கு மட்டும் ஓடும். அம்மா எதையும் தொட வேண்டியதில்லை.

டைமர் வாங்கும்போது பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகக் கேளுங்கள். என் வீட்டில் முதலில் சுற்றுகிற முள் வகைதான் வைத்திருந்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போனால் அந்த முள்ளும் நின்றுவிடும். ஏழு மணி நேரம் நின்றால், அதிகாலை ஓட வேண்டிய காயில் மறுநாளிலிருந்து காலை பத்தரைக்கு, உச்சி வெயிலுக்குப் போட்டியாக ஓட ஆரம்பிக்கும். எனக்கு இது புரிய மூன்று பில் ஆயிற்று.

2 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர். டைமரே அதைத் தாங்கும் என்று கடையில் சொல்வார்கள். அளவில் தாங்கும், ஆனால் மணிக்கணக்கில் ஓடும்போது உள்ளே இருக்கும் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் சூடேறி ஒட்டிக்கொள்ளும். நடுவில் காயிலின் கரண்டைத் தான் தாங்கிக்கொள்ளும் பெரிய சுவிட்சாக, 25 ஆம்பியர் காண்டாக்டர் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்து மோட்டார் பெட்டியில் 'டப்' என்று இழுக்குமே, அதே சாமான்தான். போர் மோட்டாருக்குப் பெட்டி கட்டுகிறவர் யாராக இருந்தாலும் அரை நாளில் இதைச் செய்துவிடுவார்.

தெர்மோஸ்டாட்டின் சென்சார் எங்கே உட்கார்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். டேங்கில் அதற்கென்று உள்ள பாக்கெட்டுக்குள் முழுக்க இறங்க வேண்டும். வெளித்தகட்டில் ஒட்டினால் அது காட்டுவது மொட்டை மாடியின் சூட்டை. உங்களுடையது போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தால், பாக்கெட்டின் மேலும் காயிலின் மேலும் சுண்ணாம்பு படிந்திருக்கும். சென்சார் தாமதமாகவே சூட்டை உணரும், அதுவரை காயில் ஓடிக்கொண்டிருக்கும். எப்படியும் கழற்றுகிறார்கள், காயிலைச் சுத்தம் செய்து, டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் மெக்னீசியம் தண்டு கரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஒன்று, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும். பழைய காயில் வெடித்தால் குளிக்கிற தண்ணீரிலேயே கரண்ட் வரும். இன்னொன்று, தெர்மோஸ்டாட் பழுதாகி ஒட்டிக்கொண்டால் துண்டிப்பதற்கு, கையால் அழுத்தினால்தான் திரும்ப இயங்கும் தனி கட்-அவுட். மாடிக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். தோப்பு வீடு என்றால் அணில் கடிக்காமல் இருக்காது. பைப்புக்குள் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பின்பக்கத்துப் பாத்ரூம். முக்கால் இஞ்ச் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். 25 மீட்டர் ஓடினாலும் 8 லிட்டர்தான், குழாய் சூடேறுவதையும் சேர்த்தால் ஒரு பக்கெட். இரண்டு பக்கெட் போகிறது என்றால் வேறு காரணம் இருக்கிறது. பிரஷர் பம்ப் பச்சைத் தண்ணீரைத் தள்ளுகிறது, வெந்நீரோ டேங்கிலிருந்து சும்மா இறங்கி வருகிறது. இரண்டும் மிக்சரில் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் குழாயில்) சந்திக்கும்போது பலமானது பலவீனமானதற்குள் ஏறும். பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய் வழியாக மேலே போய் டேங்கையும் ஆற்றிவிடும். மாடியில் டேங்கின் காற்றும் ஆவியும் வெளியேறும் காற்றுக்குழாயிலிருந்து தண்ணீர் வழிந்த தடம் இருந்தால் பெரும்பாலும் இதுதான். அந்தக் காற்றுக்குழாயை மட்டும் யார் சொன்னாலும் அடைக்காதீர்கள், டேங்க் வெடிக்கும்.

மருந்து, மிக்சருக்கு முன்னால் வெந்நீர்க் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு. ஸ்பிரிங் கடினமான வகை வேண்டாம், டேங்கிலிருந்து இறங்கும் சிறு அழுத்தத்தில் அது திறக்காது. லேசாகத் தட்டினாலே திறக்கும் தகடு வகை கேளுங்கள். வெளியே ஓடும் குழாய்க்கு நைட்ரைல் ஃபோம் உறை போட்டு, அதன் மேல் வெயில் தாங்கும் டேப் சுற்றுங்கள். இதையெல்லாம் செய்த பிறகு வெந்நீரைக் குழாயில் சுற்றிவரச் செய்யும் சுழற்சி பம்ப் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

போனில் இயக்கும் வைஃபை சுவிட்ச் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டேங்கின் சூட்டைக் கோவையில் இருந்தபடியே போனில் பார்க்கலாம், அது நல்ல வசதி. மேலே சொன்னது எல்லாம் நடந்து ஒரு மழைக்காலம் போகட்டும், பிறகு வேண்டுமானால் காண்டாக்டருக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

45 டிகிரியில் வைக்கச் சொன்னதில் ஒரு திருத்தம். வாரக்கணக்கில் வெயிலே இல்லாமல் தண்ணீர் வெதுவெதுப்பாகவே நின்றால் லீஜியனெல்லா போன்ற கிருமி வளரும். அப்படிப்பட்ட வாரத்தில் ஒருநாள் தெர்மோஸ்டாட்டை 60-க்கு ஏற்றி, டேங்க் அந்தச் சூட்டை எட்டிய பிறகு 45-க்கே இறக்குங்கள். நான்கு மணி நேரம் பிடிக்கும், அன்றைக்கு மட்டும் டைமரை இரவு 1:30-க்கே தொடங்க வையுங்கள்.

சித்திரை வெயிலிலோ டேங்க் 70, 80-க்கும் போகும். 60 டிகிரி தண்ணீர் சில நொடியில் தோலைச் சுட்டுவிடும், வயதானவர்களின் மெல்லிய தோலை இன்னும் சீக்கிரமாக. அம்மா குளிக்கும் பாத்ரூமில், வெந்நீரில் பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து ஒரே சூட்டில் தரும் தெர்மோஸ்டாடிக் மிக்சிங் வால்வு ஒன்று வைத்து 42-ல் நிறுத்துங்கள். நல்ல தரமானதாக இருந்தால், பச்சைத் தண்ணீர் நடுவில் நின்றுபோனால் வெந்நீரையும் அதுவே அடைத்துவிடும். அந்த வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.